மலை ஏறக் கூடாத வருஷம்

என் சுண்டுக் குட்டிக்கு,

எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, நீயும் மாப்பிள்ளையும் அந்த பெர்ன் குளிரில் நோய்நொடி இல்லாமல் இருக்க மாரியம்மன் துணை. போனில் பேசினால் நான் முடிப்பதற்குள் நீ அழுதுவிடுகிறாய், அதனால்தான் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

அப்பா போய் மூன்று மாதம் ஆகிறது, எனக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. நேற்று தேக்கா மார்க்கெட்டுக்கு என்று தெம்பனிஸில் ரயில் ஏறினேன், வழியில் ஒரு ரயில் மாறியவள், டோபி காட் ஸ்டேஷனில் இறங்கி அடுத்த ரயிலுக்கு மாறாமல் மார்சிலிங் வரை போய்விட்டேன், அங்கே எனக்கு யார் இருக்கிறார்கள், எதிர்ப்பக்கம் ஏறித் திரும்பி வந்தேன். அப்பாவுக்கும் எனக்கும் அங்கே வர நீ போட்ட டிக்கெட்டில் என்னுடையதை மட்டும் ஜூனுக்கு மாற்றி அனுப்பியிருக்கிறாய், வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல் என்கிறாய். உன் அத்தை கமலா ஒரே பிடியாக நிற்கிறார், "சாவு நடந்த வீட்டுல ஒரு வருஷம் மலை ஏறக் கூடாது லா, அந்த நாடே மலைதான், நீ எப்படிப் போவ" என்று. அதற்கு நீ, மலை வேண்டாம், சூரிச், லூசர்ன், தூன் என்று ஊர் ஊராக ஏரியில் கப்பலில் போய்க் கீழேயே இருந்து பார்க்கலாம் என்றாய். அதையும் சொன்னேன், "அந்த ஏரிக்குத் தண்ணி எங்கேருந்து வருதாம், மலையிலேருந்துதானே" என்கிறார். நம் அடுக்குமாடி புளோக் கீழே கடை வைத்திருக்கிற ரஃபீக்கிடம் இதைச் சொன்னால், "அது மலை இல்லக்கா, ஐஸ் பெட்டி, ஐஸ் பெட்டிக்கு என்னக்கா தீட்டு" என்கிறான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. யாராவது பார்த்தார்களா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டே லிஃப்டில் ஏறினேன்.

கடைசியில் கோயில் குருக்களிடமே கேட்டேன். "மலைக்கோயில்தாம்மா கூடாது, பொண்ணு வீட்டுக்குப் போறதுக்கு என்ன, தாராளமா போய்ட்டு வாங்க" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்கு அவர்மேல் கோபம் வந்ததடி, விபூதிகூட வாங்காமல் வந்துவிட்டேன். அதுவரை சாத்திரம் தடுக்கிறது என்று இருந்தேன், இப்போது தடுக்க என்னை விட்டால் ஆள் இல்லை. உன் அப்பா முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர், அந்த ஏரிக் கப்பலில் முன்னால் உட்கார்ந்து வேறொருவன் ஓட்டப் பார்க்க வேண்டும் என்று எத்தனை ஆசையாகச் சொல்லிக்கொண்டிருந்தார், அதை நான் மட்டும் போய்ப் பார்ப்பதா என்று மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது. போகாமல் இங்கேயே இருந்தாலும் அடித்துக்கொள்கிறது.

தலைக்கு எண்ணெய் வைத்துக்கொள், ஈரத்தலையோடு வெளியே போகாதே. மாப்பிள்ளைக்கும் உனக்கும் என் ஆசீர்வாதம், ஒரு குறையும் வராது. டிக்கெட்டை கேன்சல் செய்துவிடாதே, நான் வருகிறேன், அத்தையிடம் நானே சொல்லிக்கொள்கிறேன். ஆனால் ஒன்று கேட்கிறேன், அங்கே வந்து, அந்தத் தண்ணீரைப் பார்த்து, அவர் இல்லாமலே எனக்குச் சந்தோஷம் வந்துவிட்டால் நான் என்னடி செய்வேன்?

இப்படிக்கு,
உன் அம்மா அஞ்சலை