தறியடியில் கிடந்த சிவப்புக் குளிசைகள்

1986 மார்ச், வெள்ளி இரவு

கண்டுபிடித்துவிட்டேன்! இன்றைக்குத் தூக்கம் வராது, எழுதிவிடுகிறேன்.

மருதமுனை நெசவாளர் இஸ்மாயில் காக்காவுக்கு இரண்டாம் தடவை மருந்து தொடங்கியும் காசநோய் குறையவில்லை. மருந்துக்கு அடங்காத கிருமியோ என்று டாக்டருக்குச் சந்தேகம். இன்று அவர் வீட்டுக்கே போனேன். தறியடியில் இருந்த பிஸ்கட் டின்னை அவர் மனைவி திறந்து காட்டினார். கிளினிக்கில் நான் மாதாமாதம் எண்ணிக் கொடுத்த சிவப்புக் குளிசைகள் அப்படியே கிடந்தன. கூடக் கொடுத்த வெள்ளையை மட்டும் விழுங்கியிருக்கிறார். கிருமியை மருந்துக்குப் பழக்கியெடுக்க இதைவிட வேறென்ன வேண்டும்!

"சிவப்பக் குடிச்சா மூத்திரத்தில ரத்தம் போகுது தம்பி. ரத்தம் போற உடம்போட எப்பிடித் தொழுற?" என்றார் காக்கா.

"அது ரத்தமில்ல காக்கா, குளிசைட சாயம். நீங்க நூலுக்குப் போடுற மாதிரி."

என்னையே பார்த்தார். "இத முதல் நாளே சொல்லியிருக்கலாமே?"

டின்னை அவரிடம் நீட்டினேன். என் கண் முன்னாலேயே ஒன்றை விழுங்கினார். இதற்குள் கிருமி பழகியிருந்தால்... சளிப் பரிசோதனை முடிவு வரட்டும்.

சிவப்புக் குளிசை வாங்குகிறவர்கள் இன்னும் ஒன்பது பேர். எல்லாரும் "ஓம், ஒழுங்காக் குடிக்கிற" என்று தலையாட்டுகிறவர்கள்தான். விடிந்ததும் சைக்கிளை எடுக்கிறேன். ஒவ்வொரு வாசலிலும் சலாம் சொன்ன கையோடு கேட்பேன்: மூத்திரம் என்ன நிறம்?