ஒவ்வோர் அடியாக

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். முட்டிவலி தேவலையா? நான் நன்றாக இருக்கிறேன்.

போன வாரம் ஸ்டூடியோவில் ஒரு வேடிக்கை. பாட்டே இல்லாமல், ஒவ்வொரு டிரம்மையும் தனித்தனியாக, மெதுவாகவும் ஓங்கியும் இரண்டு நாள் அடிக்கச் சொன்னார்கள். அடித்த சத்தம் அடங்கும்வரை மூச்சுகூட விடக் கூடாது. பதினெட்டு வருஷ ராக் டிரம்ஸ் வாசிப்புக்கு இவ்வளவு மரியாதையா என்று பூரித்துப்போனேன். மூன்றாம் நாள் ஒலிப்பதிவாளர் கம்ப்யூட்டரைத் தட்டினார்; பதிவான என் அடிகள் நானில்லாமலே முழுப் பாட்டையும் வாசித்தன. "இனிமே நீங்க அலைய வேண்டாம்ணே," என்றார். நல்ல மனுஷன், டீ வாங்கிக் கொடுத்தார்.

அங்கே வீட்டில் என் அறையில் போட்டிருக்கும் பழைய பீரோவை எடுத்துவிடுங்கள். சும்மாதான் சொல்கிறேன்.

புதுப் பாட்டு வந்தால், "என் பையன் வாசிச்சது" என்று பக்கத்து வீட்டில் வழக்கம்போல் சொல்லுங்கள். பொய்யில்லை.

வேலை தலைக்கு மேல் கிடக்கிறது, முடிக்கிறேன்.

உங்கள் மகன்