வியாழக்கிழமைப் பகர்

ஜூலை 9, வியாழன். விமான் நகர்.

அரிசி, கோதுமை, ராகி என்று எந்தத் தானியமும் தொடாமல் இன்றோடு நாற்பது நாள். வயிற்று எரிச்சலும் உப்புசமும் போயே போச்சு என்று நேற்றுத்தான் அம்மாவிடம் போனில் பெருமையடித்தேன்.

எதிர் ஃப்ளாட் மராத்தி மாமி சுனந்தா காக்கூ திங்களும் வியாழனும் விரதம். அந்த நாட்களில் எனக்கும் ஒரு கிண்ணம் பகர் என்ற விரதச் சாப்பாடு வரும். சோறு மாதிரியே குழைவாக இருக்கும், மேலே வேர்க்கடலைக் குழம்பு. இது தானியமா என்று முதல் நாளே கேட்டேன். "அனாஜ் நஹீ பேட்டா, உப்வாஸ் கா ஹை" என்றார். விரதத்தில் தானியம் சேர்க்க மாட்டார்களே என்று நானும் நம்பிச் சாப்பிட்டேன்.

இன்று அவர் மகள் வீட்டுக்குக் கிளம்பும் அவசரத்தில், நீயே வேகவைத்துக்கொள் என்று ஒரு பாக்கெட் பகர் கொடுத்துவிட்டுப் போனார். என் வீட்டுக்காரர் அதைப் பிரித்து உள்ளங்கையில் கொட்டிப் பார்த்தார்.

"ஏம்மா, இது குதிரைவாலி. கோயமுத்தூர்ல உங்கம்மா பொங்கல் வெப்பாங்களே, அதேதான்."

அதேதான். அப்படியென்றால் வாரம் இரண்டு நாள் தானியம் தின்றுகொண்டே குணமாகியிருக்கிறேன். எதை விட்டதால் சரியானது? இல்லை, எதையுமே விடவேண்டி இருக்கவில்லையா? காக்கூவிடம் கேட்டாலும் தானியமில்லை என்றுதான் சொல்வார். நாற்பது நாள் சும்மா கிடந்த வயிறு, வீட்டுக்காரர் குதிரைவாலி என்று சொன்ன நிமிடத்திலிருந்து உப்பிக்கொண்டு கிடக்கிறது. இன்று நான் அதைச் சாப்பிடவே இல்லை.