கறுப்பு, உருண்டைத் தலை

அன்பு மருமகளுக்கு,

மாமா எழுதுகிறேன். கவரின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் பயந்திருப்பாய். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நானும் உன் அத்தையும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, வேளாவேளைக்குச் சண்டை போட்டு நன்றாகத்தான் இருக்கிறோம். நான் கடிதம் எழுதிப் பல வருஷம் ஆகிறது. கடைசியாக எழுதியது கரண்ட் ஆபீசுக்கு ஒரு புகார். அதனால் நடுவில் எங்காவது ‘தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்’ என்று வந்துவிட்டால் கண்டுகொள்ளாதே.

போனில் சொல்ல வேண்டியதுதானே என்று நினைப்பாய். ஐந்து வாரமாக நான் கூப்பிடும்போதெல்லாம், “நல்லா இருக்கேன் மாமா, இதோ அவர்கிட்ட குடுக்கறேன்” என்கிறாய். அதற்குள் போன் கைமாறிவிடுகிறது. உன்மேல் தப்பில்லை. நானூறு தையல் மிஷின் ஒன்றாக ஓடுகிற ஆலையில் முப்பத்தெட்டு வருஷம் மெக்கானிக்காக இருந்தவன் நான். கத்தினால்தான் அங்கே காதில் விழும். இப்போதும் ‘சாப்பிட்டியா’ என்று நான் கேட்டால் எதிரில் இருப்பவர் ஒரு அடி பின்னால் போகிறார். காகிதத்தில் கத்த முடியாது என்பதால் காகிதத்துக்கு வந்திருக்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டுக்காரன் பேசினான். அடுத்த மாத லீவுக்குத் தான் மட்டும் வருவதாகச் சொன்னான். ஏன் என்று கேட்டேன், மென்று விழுங்கினான். உன் அத்தை போனைப் பிடுங்கி ஒரு அதட்டல் போட்ட பிறகுதான் வாயைத் திறந்தான். “அடுத்தவங்க வீட்டுக்கு அடிக்கடி போனா நல்லா இருக்காதுன்னு சொல்றாம்மா” என்றான்.

அது என்னுடைய வார்த்தை. நீங்கள் இங்கே வந்திருந்தபோது கடைசி நாள் ராத்திரி சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து நான் சொன்னது. “அடுத்தவங்க வீட்டுல கை வைக்கிறதுக்கு முன்னாடி கேக்கணும்னு யாரும் சொல்லித் தரலையா?” நீ தலையைக் குனிந்துகொண்டாய். கேட்டது நான்தான் என்று எனக்கே நம்ப முடியவில்லை, ஆனாலும் வார்த்தையைத் திருப்பி வாங்கிக்கொள்ளத் தெரியாமல் தண்ணீரை எடுத்துக் குடித்தேன். மறுநாள் காலை ரயிலுக்கு நீங்கள் கிளம்பிவிட்டீர்கள்.

அன்றைக்கு நடந்ததை நானே ஒரு தடவை எழுதிப் பார்க்கிறேன், நியாயம் எந்தப் பக்கம் என்று எனக்கு விளங்க வேண்டும்.

நீங்கள் வந்திருந்த பத்து நாளில் மூன்று நாள் நான் ஒரு வாஷரைத் தேடினேன். வீட்டின் பின்னறை, என் பட்டறை, தலைகீழாகக் கிடந்தது. “இந்த ரூமை ஒரு நாள் கொளுத்தணும்” என்று நான் கத்தியதை நீ கேட்டிருக்கிறாய். பத்தாவது நாள் நாங்கள் கண் டாக்டரிடம் போனோம், என் பையன் அவன் சிநேகிதனைப் பார்க்கப் போனான். நீ ஒருத்திதான் வீட்டில். மருந்துக்கடையில் ஆயிரம் மாத்திரையை அடுக்கிப் பழகிய பெண், மாமனார் படும் பாட்டைப் பார்த்திருக்கிறாய். பாவம் இந்த மனுஷன், நம்மால் ஆனதைச் செய்வோம் என்று உள்ளே போயிருக்கிறாய்.

சாயங்காலம் நான் வந்து பார்த்தால் பட்டறையில் தரை தெரிகிறது! தரை என்ன நிறம் என்பதே எனக்கு மறந்து போயிருந்தது. டப்பா மூடியிலும் சாசரிலும் உடைந்த கோப்பையிலும் கிடந்த நட்டு, போல்ட்டு, ஸ்க்ரூ, ஸ்பிரிங் எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, கடையில் வாங்கி வந்த, கண்ணாடி மாதிரி இருக்கும் சின்னப் பெட்டிகளில் பிரித்துப் போட்டு, ஒவ்வொன்றிலும் சீட்டு எழுதி ஒட்டியிருந்தாய். நட்டு, சிறியது. நட்டு, மிகச் சிறியது. வாஷர், தட்டை. மொத்தம் நாற்பத்திரண்டு பெட்டி. கையில் எண்ணெய்த் துணியோடு சிரித்துக்கொண்டு நின்றாய்.

அந்தச் சிரிப்பின் முன்னால்தான் நான் கத்தினேன்.

நான் கத்தியதற்குக் காரணம் என்னவென்று உனக்கு இதுவரை யாராவது ஒழுங்காகச் சொன்னார்களா தெரியவில்லை. என் பையன் சொல்லியிருக்க மாட்டான், அவனுக்கு மிஷினில் நூல் கோக்கக்கூடத் தெரியாது. அந்த டப்பா மூடிகள் குப்பை இல்லையம்மா. ஒரு மிஷினைப் பிரித்தால் அதன் ஸ்க்ரூ எல்லாம் ஒரே மூடியில் போட்டு வைப்பேன். அன்றைக்கு நான்கு பேருடைய மிஷின் பிரித்துக் கிடந்தது. எந்த மூடி எந்த மிஷினுடையது என்பது எனக்குத் தெரியும். பார்வைக்கு இரண்டு ஸ்க்ரூ ஒன்றுபோலவே இருக்கும், ஆனால் உடம்பில் சுற்றி ஓடும் மரை வேறாக இருக்கும். மாற்றிப் போட்டால் பாதி தூரம் ஏறி, சிக்கிக்கொண்டு, உள்ளே இருக்கும் மரையையும் தின்றுவிடும். நான்கு மிஷினுடைய ஸ்க்ரூவும் கலந்து, கழுவி, பளபளவென்று அளவு வாரியாக உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததும் எனக்குக் கண் இருட்டிவிட்டது.

சரி, இதில் உன் தப்பு எங்கே? நீங்கள் போன பிறகு உன் அத்தையிடம் இதையெல்லாம் நியாயம் பேசினேன். அவள் காய் நறுக்குவதை நிறுத்தாமல், “எந்த மூடியிலயாவது ஒரு வரி எழுதி வச்சிருந்தீங்களா?” என்று கேட்டாள். எனக்குத்தான் தெரியுமே என்றேன். “உங்க மண்டைக்குள்ள இருக்கறத அவ எப்படிப் படிப்பா? அவளாவது சீட்டு ஒட்டிட்டுப் போயிருக்கா. மரை கழண்டது ஸ்க்ரூவுக்கு இல்ல, உங்களுக்குத்தான்” என்றாள். அன்று முதல் எனக்குச் சாப்பாடு மட்டும் உண்டு, பேச்சு கிடையாது.

மறுநாள் வேலையை ஆரம்பித்தேன். மூலைக்கடைத் தையல்காரரின் மிஷின் முதலில். ஒவ்வொரு ஓட்டைக்கும் நான்கு ஸ்க்ரூவை எடுத்து விரலால் மெதுவாகத் திருகிப் பார்ப்பது, சிக்கினால் வெளியே எடுப்பது. இந்த வயதில் பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி உட்கார்ந்து பொருத்துக பொருத்துக என்று செய்துகொண்டிருந்தேன். ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். உன் பெட்டிகள் இருந்ததால்தான் அதுவும் முடிந்தது. என் பழைய மூடிகள் கலந்திருந்தால் நான் இன்னும் தரையில் தவழ்ந்துகொண்டிருப்பேன். மூன்று நாள் தேடினேனே அந்த வாஷர், அது ‘வாஷர், தட்டை’ பெட்டியில் மேலாகவே உட்கார்ந்திருந்தது. பதினாறு நாளில் நான்கு மிஷினும் ஓடின.

இனிமேல் சொல்லப் போவது உன் வீட்டுக்காரனுக்கும் தெரியாது.

நான்கும் முடிந்த பிறகும் ஒரு பெட்டி அப்படியே மிச்சம் இருந்தது. ‘கறுப்பு, உருண்டைத் தலை’ என்று எழுதியிருந்தாய். உள்ளே ஒன்பது ஸ்க்ரூ. அளவு ஒன்றுக்கொன்று வேறு. மற்றதையெல்லாம் அளவு பார்த்துப் பிரித்தவள் இதை மட்டும் ஏன் ஒன்றாகப் போட்டாள் என்று கையில் கொட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் தெரிந்தது. ஒரே கம்பெனி மாத்திரையைப் பார்த்ததும் தெரிந்துகொள்கிற கண் உனக்கு. ஒன்பதும் ஒரே மிஷினில் இருந்து வந்தவை. அந்த மிஷின் யாருடையது என்று எனக்குத் தெரியும்.

பட்டறை மூலையில் பழைய போர்வை போர்த்தி ஒன்று நிற்கிறதே, நீகூட அதன்மேல் துணி உலர்த்தினாய், அது உன் அத்தையின் மிஷின். கல்யாணமாகி வந்த புதிதில் வாங்கியது. உன் வீட்டுக்காரனின் பள்ளிக்கூடச் சட்டை முழுக்க அதில் தைத்ததுதான். பதினொரு வருஷத்துக்கு முன்னால் சத்தம் வருகிறது என்று சொன்னாள். இரண்டு நாளில் தருகிறேன் என்று பிரித்தேன். அந்த வாரம் மூலைக்கடைக்காரர் அவசரம் என்று வந்தார். அவருக்கு ஒரு ஸ்க்ரூ குறைந்தது. பிரித்துக் கிடந்ததில் இருந்து ஒன்றை எடுத்துப் போட்டு அனுப்பினேன். அப்புறம் பை தைக்கிறவருக்கு இரண்டு. இப்படியே போனது. வெளி ஆளை ஒரு நாள்கூடக் காக்க வைக்க மாட்டேன், நான் பேர் எடுத்த மெக்கானிக் இல்லையா? வீட்டில் இருப்பவள்தானே, அப்புறம் பார்ப்போம் என்று விட்டுவிட்டேன். அவளும் ஒரு கட்டத்துக்கு மேல் கேட்கவில்லை. தலையணை உறையைக்கூடக் கையால்தான் தைத்துக்கொண்டிருந்தாள். இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

அடுத்தவர் மிஷினுக்குப் போட்டுப் பார்த்துச் சேராமல் போன இந்த ஒன்பது ஸ்க்ரூவும் ஒவ்வொரு மூடியில் ஒவ்வொன்றாகப் பதினொரு வருஷம் சிதறிக் கிடந்திருக்கின்றன. நீ கலைக்காமல் இருந்திருந்தால் அவை ஒன்று சேர்ந்திருக்கவே மாட்டா. மிச்சத்துக்கு, மாற்றிக் கொடுக்க வேறு ஸ்க்ரூ எடுத்துக்கொண்டு கடை கடையாகப் போனேன். மூலைக்கடைக்காரர், “என்னங்க, குடுத்ததத் திருப்பி வாங்க இவ்வளவு வருஷம் கழிச்சு வந்திருக்கீங்க” என்று சிரித்தார். வீட்டில் நிலைமை அப்படி என்றேன். அவருக்கும் கல்யாணமாகியிருக்கிறது, மேலே எதுவும் கேட்கவில்லை.

போன வியாழக்கிழமை மிஷினை மூடினேன். சக்கரம் வெண்ணெய் மாதிரி சுற்றியது. ஒரே ஒரு குறை. ஊசியைப் பிடித்து இறுக்குகிற ஸ்க்ரூ மட்டும் இல்லை. அது இல்லாமல் ஊசி நிற்காது, ஊசி நிற்காமல் மிஷின் எதற்கு? நாற்பத்திரண்டு பெட்டியையும் கொட்டினேன். காந்தத்தைக் கயிற்றில் கட்டித் தரை முழுக்க இழுத்தேன். இரண்டு நாள். சனிக்கிழமை உன் அத்தை வாசலில் வந்து நின்று என்ன தேடுகிறேன் என்று கேட்டாள். சொன்னேன்.

அவள் உள்ளே போய், பீரோவில் இருந்து ஒரு பழைய பவுடர் டப்பாவை எடுத்து வந்தாள். பஞ்சுக்குள் அந்த ஸ்க்ரூ இருந்தது. “என் மிஷின்ல இருந்து ஒவ்வொண்ணா எடுத்து ஊருக்குக் குடுத்தீங்க. இது ஒண்ணாவது எனக்குன்னு இருக்கட்டும்னு அப்பவே கழட்டி எடுத்து வச்சுட்டேன்” என்றாள். பதினொரு வருஷம் அம்மா! ஒரு வார்த்தை சொல்லவில்லை. தரையில் உட்கார்ந்தபடியே கையை நீட்டி, கொடு, மாட்டிவிடுகிறேன் என்றேன்.

தரவில்லை. மறுநாள்தான் உன் வீட்டுக்காரன் போன் செய்து அந்த ‘அடுத்தவங்க வீடு’ கதையைச் சொன்னான். போனை வைத்துவிட்டு அவள் ஒரு சின்னக் காகிதத்தில் ஸ்க்ரூவை மடித்து என் கையில் கொடுத்தாள். “லெட்டர்ல வச்சு அவளுக்கு அனுப்புங்க” என்றாள். நீ இத்தனை வருஷம் காத்திருந்தாயே, தைக்க வேண்டாமா என்று கேட்டேன். “இன்னும் ஒரு மாசம் பொறுக்க மாட்டேனா?” என்றாள்.

உன் பெட்டிகள் எல்லாம் அப்படியே இருக்கின்றன. இப்போது மிஷினைப் பிரித்தால் மூடியில் சீட்டு எழுதி ஒட்டுகிறேன், என் கையெழுத்து உன்னுடையதுக்குப் பக்கத்தில் கோழி கிளறின மாதிரி இருக்கிறது. ‘தெரியவில்லை’ என்று ஒரு பெட்டி வைத்தாய் அல்லவா, அதில் ஏழு சாமான். ஏழும் என்ன என்று எனக்கும் தெரியவில்லை. வெளியே சொல்லிவிடாதே, பேர் கெட்டுவிடும்.

நான் அன்றைக்குக் கத்தினது தப்பு. அடுத்தவங்க வீடு என்று சொன்னது அதைவிடப் பெரிய தப்பு. என்னை மன்னித்துவிடு அம்மா. இந்த வார்த்தையை உன் அத்தையிடம்கூட நான் போன வாரம்தான் முதல் தடவையாகச் சொன்னேன், அதனால் பழக்கம் போதாமல் இருக்கலாம்.

கவரின் அடியில் தடவிப் பார். அதே மாதிரி ஸ்க்ரூ ஒன்று தேடினால் எனக்கு எங்காவது கிடைக்கும்தான். தேட மாட்டேன். மிஷின் ஜன்னல் பக்கமாக நிற்கிறது, உன் அத்தை தினமும் துடைத்து வைக்கிறாள். நீங்கள் இருவரும் நோய் நொடி இல்லாமல் நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும். உன்னிடம் தாழ்மையுடன் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: அந்த ஸ்க்ரூவைத் தபாலில் மட்டும் திருப்பி அனுப்பிவிடாதே.

உன் வரவை எதிர்பார்க்கும்,
மாமா