வலிக்கான ஊசி

ஜூலை 8

ஜூலை இங்கே குளிர்காலம்; மதியம்வரை மூடுபனி விலகவில்லை. காலையில் ஒரு சினைச் செம்மறியாட்டுக்கு அறுவை. டாக்டர் லாக்லன் வயிற்றைத் திறந்து, உள்ளிருக்கும் குட்டிக்கு மெல்லிய குழாய்கள் பொருத்தித் தைத்தார். குறைமாதக் குழந்தைகளின் மூச்சுத் திணறலுக்கான ஆராய்ச்சி. மயக்கம் தெளிந்து ஆடு எழுந்து நிற்கும்வரை கூடவே இருந்தேன். கொட்டிலின் கால்நடை மருத்துவர் நான். அது என் வேலை. வலிமருந்துக்கு ஆராய்ச்சிக் குழு இன்று ஒருநாள்தான் அனுமதித்திருக்கிறது.

ஜூலை 9

காதுகள் தொங்கிவிட்டன. அசைபோடவில்லை. பல்லை நறநறவென்று கடிக்கிறது. செம்மறி கத்தாது — வலித்தால் சுவரைப் பார்த்து நிற்கும், அவ்வளவுதான். கொட்டிலைப் பார்த்துக்கொள்ளும் ஹெமி, பழகிய முகம் பக்கத்தில் இருக்கட்டும் என்று அதன் துணையாட்டைப் பக்கத்துப் பட்டியில் விட்டான். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

லாக்லனிடம் போய் இன்னொரு முறை மருந்து வேண்டும் என்றேன்.

"அது குட்டிக்கும் போகும், நைரி. அதோட மூச்சசைவு அடங்கிடும். நான் அளக்கறதே அதைத்தானே?"

"தாய் தின்னலைன்னா ரெண்டுமே போயிடும்."

நாளைக்குப் பார்ப்போம் என்றார்.

கெட்டவர் இல்லை. என் தங்கை மகன் ஏழாம் மாதத்தில் பிறந்து பிழைத்தது இப்படிப்பட்ட ஆடுகளால்தான். அவருக்கும் தெரியும். அதைச் சொல்லிக்காட்டியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

ஜூலை 10

கொடுத்துவிட்டேன். கொடுத்த பிறகுதான் அவரிடம் சொன்னேன். எழுந்து போனார்.

மாலையில் ஆடு ஹெமியின் கையிலிருந்து புல் வாங்கித் தின்றது. "என் விரலையும் சேத்துத் தின்னப் பாக்குது அக்கா" என்றான். சிரித்தோம்.

ஜூலை 11

அளவுகள் இனிப் பயன்படாதாம். ஆட்டை முடித்துவிடச் சொல்லிவிட்டார். யார் முடிப்பது? நான்தான்.

மந்தைக்கு அனுப்பலாமே, குட்டி போடட்டுமே என்று கேட்டேன்.

"உள்ள அத்தனை குழாயோட எங்க அனுப்புவ?"

நியாயமான கேள்விதான். அதுதான் எரிகிறது.

ஜூலை 12

காதுகள் நிமிர்ந்திருந்தன. அசைபோட்டபடியே என்னிடம் வந்து கழுத்தைக் கொடுத்தது. ஹெமி வெளியே போய்விட்டான். ஊசி போட்டேன். குட்டியின் துடிப்பும் நிற்கும்வரை வயிற்றில் கைவைத்திருந்தேன்.

நான் என்னதான் பண்ணேன்? வலியைத் தீர்த்தேனா, ஆட்டையா?

ஜூலை 13

எழுத ஒன்றுமில்லை.

ஆகஸ்ட் 3

குழுக் கூட்டம். தாய் தின்னாவிட்டால் குட்டியின் அளவுகளும் கெடுகின்றன, ஆகவே வலி அடங்கும்வரை மருந்து கொடுத்து அதன்பிறகே அளக்கலாம் — முன்மொழிந்தவர் லாக்லன். எல்லோரும் தலையாட்டினார்கள். அளவுக்காகத்தான், ஆட்டுக்காக இல்லை. செத்ததைப் பற்றி யாரும் பேசவில்லை. நானும்தான்.

வெளியே வரும்போது, "இப்ப உனக்குத் திருப்திதானே?" என்றார்.

ஆமாம் என்றேன்.

ஆகஸ்ட் 6

புது ஆட்டுக்கு நேற்று அறுவை. இன்றும் மருந்து கொடுத்தேன், தடுக்க ஆளில்லை. படுத்து அசைபோடுகிறது.

இதற்கு ஒரு பெயர் வைக்கலாமா என்று ஹெமி கேட்டான்.

வேண்டாம் என்றேன்.