கிணற்றில் இல்லாத அம்மாசி

12-3-1934, வெண்ணந்தூர். காலை ஏழு மணிக்கு நம் தோட்டத்துக் கிணற்றில் மாடு கட்டிக் கவலை இறைக்கும்போது, மாடு இழுக்கும் வடம் அறுந்தது. அதன்மேல் உட்கார்ந்து மாடு ஓட்டிய அம்மாசி விழுந்தான்.

அங்காளம்மா, சந்தையிலிருந்து வரும் வழியில் அவன் இறந்துவிட்டதாக யாராவது சொல்லியிருப்பார்கள். நம்பாதே. இடது கை எலும்புதான் முறிந்திருக்கிறது.

இறைத்துக்கொண்டே அவன் பாடிய பாட்டு நின்றதும், தண்ணீர் மொள்ளும் சால் கிணற்றில் விழுந்த சத்தம் கேட்டது. அவனே கிணற்றில் விழுந்தான் என்று நினைத்து, மடை மாற்றிக்கொண்டிருந்த அவன் மனைவி கண்ணாத்தாள் அலறினாள். நானும் பண்ணையாள் மாரியப்பனும் குதித்து மூழ்கி மூழ்கித் தேடினோம். அவனோ மாடு இறங்கும் சரிவில் மயங்கிக் கிடந்திருக்கிறான். தெளிந்ததும் எழுந்து வந்து எட்டிப் பார்த்தான்.

"ஏனுங்க, உள்ளார ஆரத் தேடறீங்க?"

"உன்னயத்தாண்டா."

"நா இங்கதானுங்க நிக்கறேன்."

கண்ணாத்தாள் அழுகையை நிறுத்தி, "ஒரு சத்தங் குடுத்தா வாய் தேஞ்சா போயிரும்?" என்று அவனைத் திட்டத் தொடங்கினாள். கிணற்றுக்குள் நின்றபடியே வயிறு வலிக்கச் சிரித்தேன்.

இருவரையும் வண்டியில் ராசிபுரம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறேன். அவர்கள் பிள்ளைகள் இரண்டும் நம் வீட்டில் இருக்கின்றன. உறியில் கம்பஞ்சோறும் மோரும் உண்டு. சாயங்காலம் ஏதாவது இனிப்பாகச் செய்து கொடு.

உருளையில் உரசி வடம் நைந்துவிட்டது, மாற்றுங்கள் என்று நீ சொன்னாய். இன்னும் பத்து நாள் தாங்கும் என்று நான்தான் சண்டை போட்டேன். நீ சொன்னதே சரி.

பி.கு.: புது வடம் வரும்வரை இறைக்க வேண்டாம் என்று மாரியப்பனிடம் சொல்லிவிட்டேன். மிளகாய்ச் செடி வாடும்.