மரியபுஷ்பம் வீட்டுப் படிகள்

அன்புள்ள அப்பாவுக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? அம்மா மாத்திரையை நேரத்துக்குப் போடுகிறார்களா? நான் நலம்தான், கொஞ்சம் அலுப்பு.

எங்கள் ஆய்வு மையத்திலிருந்து இந்த ஊரின் உப்பல் பகுதியில் ஒரு தெருவுக்குப் போனோம். பெருமழையில் ஏரித் தண்ணீர் எதுவரை வரும் என்பதை மெய்நிகர்க் கண்ணாடி மாட்டிப் பார்க்கலாம்; அந்தத் தெருவே கண்முன் நிற்கும். அங்கே குடியிருக்கும் மரியபுஷ்பம் அக்கா மாட்டியதும் சேலையைத் தூக்கிக்கொண்டார். எல்லோரும் சிரித்தார்கள்.

கழற்றிவிட்டு என்னிடம் கேட்டார்: "ஏம்மா, எங்க வீட்டுக்குள்ள தண்ணி வருதே, வாசல்ல இருக்கிற மூணு படி எங்க? நக்கோம்மா, இத யாரு நம்புவா?" 'நக்கோ' என்றால் இந்த ஊர்ப் பேச்சில் 'வேண்டாம்'.

தெருவை வரைந்தது நான்தான். மேலிருந்து எடுத்த படத்தில் படிகள் தெரியாது.

இரண்டு நாளாக வெயிலில் வீடு வீடாகப் படி அளந்தேன். படிகளைச் சேர்த்து வரைந்ததும் அக்கா வீடு தப்பிவிட்டது. எதிர்வீடு தப்பவில்லை. அதை நாளை நான்தான் போய்ச் சொல்ல வேண்டும்.

அப்பா, நம் வீட்டு வாசற்படியின் உயரத்தையும் கதவின் அகலத்தையும் உங்கள் டேப்பால் அளந்து அனுப்புங்கள். பயப்படாதீர்கள், தண்ணீர் விடமாட்டேன். நம் வீட்டையும் வரைந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு சற்று நேரம் அதற்குள்ளே நிற்கத்தான்.

வேன் வந்துவிட்டது.

உங்கள் மகள்,
கோமதி